வெற்றிலைக் கறை என்று நான் துடைத்தவை

பழந்தாள் பழுதுபார்க்கும் வேலைக்கு இந்த நகரத்தில் இப்போது ஐந்தாறு தமிழ்ப் பிள்ளைகள் வந்திருக்கிறீர்கள். நான் வந்தபோது நான் ஒருவன்தான். அதனால் உங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு தனிச் சந்தோசம். கிழவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை.

போன மாதம் உங்களில் ஒருத்தி கேட்டாள்: "அங்கிள், உங்கட கரியர்ல நீங்க செய்த பெஸ்ட் வேர்க் எது?" நான் பெருமையாக, எலி தின்ற ஒரு பழைய கடல்வரைபடத்தைப் பற்றி அரை மணி நேரம் அளந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது. நல்லாய்ச் செய்த வேலையைப் பற்றி எவனும் சொல்வான். அதைக் கேட்டு உங்களுக்கு என்ன பயன்? பசை காய்ச்சுவதும் தாள் ஒட்டுவதும் வகுப்பில் சொல்லித் தருவார்கள். வகுப்பில் சொல்லித் தராத ஒன்றை, நான் முட்டாளாக நின்ற ஒரு காலை நேரத்தை, இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று தெரிய வேண்டும். ஊரில் நான் நில அளவைப் பகுதியில் படம் வரைபவன். ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியபோது அந்தத் தொழிலை இங்கே யாரும் கேட்கவில்லை. ஸ்காபரோவில் ஒரு உலர்சலவைக் கடையில் நாலு வருசம் கறை எடுத்தேன். கோப்பி, வைன், கிரீஸ், ஆட்டிறைச்சிக் குழம்பு என்று எதைக் கொண்டுவந்தாலும் தூரத்தில் வைத்தே இன்ன கறை என்று சொல்லிவிடுவேன். கலியாண வீடுகளுக்கு மறுநாள் நான்தான் ராசா. பட்டுச்சேலைகளோடு பெண்கள் வரிசையில் நின்று, டொக்ரரிடம் பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டுவார்கள்.

அப்படி ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் பழைய மேசைவிரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் எது தேநீர், எது துரு, எது பூஞ்சணம் என்று நான் பிரித்துச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்தார். தாளில் கறை எடுக்க வருவாயா என்று கேட்டார். அவர்தான் பிறகு எங்கள் பட்டறைத் தலைவி. ஸ்பதைனா பக்கம் பழைய உடுப்புத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் பட்டறை வைத்திருந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். பெயர் போடக் கூடாது என்பது அவருடைய விருப்பம். மத்தியானம் இரண்டு அவித்த முட்டை தின்பார், சத்தம் போட மாட்டார், "அழுக்கு" என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கமாட்டார். தாளில் எதைக் கண்டாலும் "ஏதோ ஒன்று இருக்கிறது" என்பார். எனக்கு உள்ளூரச் சிரிப்பாக இருக்கும். அழுக்கை அழுக்கு என்று சொல்ல என்ன பயம் என்று நினைப்பேன்.

அந்தத் தலைக்கனத்தோடு நான் மூன்று வருசம் வேலை செய்தேன். தொண்ணூறுகளின் நடுவில், பனி கொட்டிய ஒரு பெப்ரவரியில், நசீமா அன்ரி வந்தார்.

ஐம்பது வயது கடந்தவர். பிக்கரிங்கில் வீடு. குளிரில் நிலவறைக் குழாய் வெடித்து, பெட்டியில் இருந்த ஒரு புத்தகம் நனைந்துவிட்டது. அதைக் குளியல் துவாயில் சுற்றி, மளிகைக்கடைப் பையில் போட்டு, ரெயினில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். தலைவியோடு ஆங்கிலத்தில்தான் பேசினார். அந்த நேரம் பார்த்து என் மனைவி தொலைபேசி எடுத்து, வரும்போது பால் வாங்கிவரச் சொன்னாள். நான் "ஓம், வாங்கிக்கொண்டு வாறன்" என்றதுதான் தாமதம், அவர் திரும்பினார்.

"தம்பி தமிழா? சிலோனா?"

திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவராம். "வீட்ல உருது, தெருவுல தமிழ். ரெண்டுலயும் சண்டை போடுவேன்," என்றார். நான் அன்ரி என்று கூப்பிட்டேன். அவருடைய ஆட்கள் மூத்த பெண்களை ஆப்பா என்பார்களாம், இருந்தாலும் அன்ரியும் நல்லாத்தான் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டார்.

புத்தகம் பாதி ஈரத்தில், குண்டாக ஊதிப்போய் இருந்தது. நீளமான ஒடுங்கிய ஏடு. நம் புத்தகம் போலப் பக்கவாட்டில் திறக்காது, நிருபர்கள் வைத்திருக்கும் குறிப்புக் கொப்பி போல மேலே தூக்கித் திறக்க வேண்டும். இப்படிப்பட்ட ஏட்டைப் பயாஸ் என்பார்கள் என்று அன்ரி சொன்னார். பாரசீகத்திலும் உருதுவிலும் பிடித்த பாடல்களை எழுதி, கையில் வைத்துப் பாடுவதற்கான ஏடு. சாய்ந்து சாய்ந்து இறங்கும் எழுத்து, இடைக்கிடை சிறு ஓவியங்கள். ஒரு பக்கத்தில் நவாபு ஒருவர் ரோசாப்பூவை மோந்துகொண்டு பாட்டுக் கேட்கிறார். இன்னொன்றில் மூன்று பெண்கள் மாடத்தில் இருந்து சாரங்கி வாசிக்கிறார்கள், கீழே முற்றத்தில் ஒரு மயில் அவர்களைக் கவனிக்காமல் எங்கோ பார்க்கிறது. அந்த மயிலை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

அன்ரியின் பூட்டியார் ஒரு நவாபு வீட்டு அந்தப்புரத்தில் பாடியவர். அவர் தொடங்கிய ஏடு, பெண்கள் வழியாகவே கை மாறி வந்திருக்கிறது. இதில் இராகமோ சுரமோ எழுதப்படவில்லை. மெட்டு வாயால்தான் வரவேண்டும், ஏடு சொற்களுக்கு மட்டும்.

கடைசி இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தன. அன்ரிக்கு வேண்டியது அதுதான்.

"மத்த பக்கமெல்லாம் எப்படிப் போனாலும் பரவால்ல தம்பி. இது மட்டும் வேணும்."

அது கலியாணம் முடிந்து பெண்ணை அனுப்பிவைக்கும்போது தாய் பாடும் பாட்டு. அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் பாடக் கூடாது, தாய் மட்டும்தான். அன்ரியின் மகளுக்கு ஐந்து வாரத்தில் கலியாணம். மாப்பிள்ளையோடு கல்கரிக்குப் போகப்போகிறாள். அன்ரி அந்தப் பாட்டை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறார், தன்னுடைய கலியாணத்தில், தன் தாயின் வாயால். உனக்கு ஒரு மகள் பிறந்து பெரியவளானால் சொல்லித் தருகிறேன் என்று தாய் சொன்னாராம். அன்ரி கனடாவுக்கு வந்த இரண்டாம் வருசம் தாய் காலமாகிவிட்டார். மெட்டு காதில் இருக்கிறது, மீதியை ஏடு பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, அந்தப் பக்கத்தை அதுவரை ஊன்றிப் படிக்காமலே இருந்துவிட்டார்.

போகும்போது வாசலில் காலணி மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார், தமிழ் பேசிய சந்தோசத்தில் வாய் திறந்துவிட்டது.

"எங்கம்மா கல்லு தம்பி. நான் கெளம்புன அன்னிக்கு வாசல்ல நின்ன பால்காரர்கூட அழுதாரு. அம்மா அழல. பாட்ட ஒழுங்கா பாடி முடிச்சிட்டு உள்ள போயிட்டாங்க."

நான் மாடிப்படி வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

தாள்களைத் தனித்தனியாக எடுத்துக் காயவைக்க இரண்டு வாரம் எடுத்தது. ஒட்டிப்போன பக்கங்களைத் தலைவியும் நானும் சேர்ந்து பிரித்தோம். ஒரு முழு நாள். பிரிந்து வந்தபோது தலைவி ஒரு மூச்சு விட்டு, தன் மத்தியான முட்டைகளில் ஒன்றை எனக்குத் தந்தார். அதைவிடப் பெரிய பாராட்டை நான் அவரிடம் வாங்கியதில்லை.

பாட்டு எழுதிய பக்கம் ஒன்று, அதற்கு எதிரே ஓவியம் ஒன்று. சிவப்புக் கம்பளத்தில் ஒரு பெண் தம்பூராவைத் தோளில் சாய்த்து இருக்கிறாள், வெளிர்நீலத் தாவணி, பின்னால் ஒரு சைப்பிரசு மரம், மேலே வெறும் தாள். இரண்டு பக்கத்திலும் சிவப்புச் சிவப்பாய்ச் சிறு பொட்டுகள் தெறித்துக் கிடந்தன. பாட்டின் வரிகளுக்கு நடுவிலும் அந்தப் பெண்ணின் தாவணியிலும்.

தலைவி உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, "ஏதோ ஒன்று இருக்கிறது" என்றார்.

நான் சிரித்தேன். கனடாவில் பிறந்த பெண்ணுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். கலியாண வீட்டுச் சேலையில் எத்தனை பார்த்திருக்கிறேன்! இது வெற்றிலை. வாய் நிறையப் போட்டுக்கொண்டு யாரோ பாடியிருக்கிறார்கள், பாட்டோடு சேர்ந்து சாறும் தெறித்திருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். இது உன் ஊர்ப் பக்கத்து விசயம், உனக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். அவர் என்னை நம்பினார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கறை எடுத்துப் பழகியவன் கண்ணுக்குச் சிவந்ததெல்லாம் கறை.

எதையும் தொடுமுன் படம் எடுக்க வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். ஏட்டின் மற்ற எல்லாப் பக்கத்தையும் எடுத்திருந்தேன். இந்தப் பக்கத்துக்கு வந்தபோது படச்சுருள் முடிந்துவிட்டது. சுருள் விற்கும் கடைக்கு இரண்டு தெரு நடக்க வேண்டும், வெளியே முகத்தை அறுக்கும் குளிர். ஒரு பக்கம்தானே என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளே, இந்த வேலையில் "ஒன்றுதானே" என்று நினைத்தால் கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்துவிடுங்கள்.

பஞ்சுக்குச்சியை இலேசாக நனைத்து முதல் பொட்டில் வைத்தேன். வந்துவிட்டது. உரசக்கூட இல்லை, பஞ்சு சிவந்தது, தாள் வெள்ளையானது. அடுத்ததும் அப்படியே. என் கை எப்படிப்பட்ட கை என்று நானே மெச்சிக்கொண்டேன். அங்கேதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெற்றிலைக் கறை ஊறிப் பிடிக்கும், சும்மா போகாது. பழசானால் மண்ணிறமாக மாறிவிடும். இது நூறு வருசத்துக்குப் பிறகும் பளிச்சென்று சிவப்பாக இருந்தது, தொட்டவுடன் கரைந்தது. கறைக்குப் போக மனம் வராது. சொன்ன சொல்லைக் கேட்டு உடனே எழுந்து போவது, யாரோ வேண்டுமென்று வைத்தது. சலவைக்கடையில் இதை நான் கற்கவில்லை. சேலையில் யாரும் எழுதி வைப்பதில்லை.

பின்னேரத்துக்குள் பாட்டுப் பக்கம் முழுவதும் துடைத்துவிட்டேன். ஓவியத்தில் வேலை நுணுக்கம் என்பதால் அதை மறுநாளுக்கு வைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நசீமா அன்ரி ஒரு டப்பா சமோசாவோடு வந்தார். பக்கம் பிரிந்துவிட்டது என்று தலைவி தொலைபேசியில் சொல்லியிருந்தார், அதுதான் ஓடி வந்திருக்கிறார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் பாட்டுப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். துப்புரவான, வெளுத்த பக்கம். பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

அவர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் குனிந்தார்.

"புள்ளியெல்லாம் எங்க தம்பி?"

என்ன புள்ளி என்று கேட்டேன். அவர் பதற்றமில்லாமல்தான் விளக்கினார். ஏட்டில் மெட்டு இல்லை, ஆனால் மூச்சு இருக்கிறது. எந்தச் சொல்லுக்குப் பிறகு மூச்சு எடுக்க வேண்டும் என்று பூட்டியார் சாதிலிங்கச் சிவப்பில் புள்ளி வைத்திருக்கிறார். பிழையான இடத்தில் மூச்சு எடுத்தால் வரி உடைந்துவிடும், அர்த்தமும் போய்விடும். மற்றப் பாட்டுகளை மகள்மார் தாயிடம் கேட்டே கற்றுவிடுவார்கள், அவற்றில் பூட்டியார் புள்ளி வைக்கவில்லை, தேவையும் இல்லை. எத்தனையோ ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு தாய் தன் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை மட்டும் பாடும் இந்தப் பாட்டுக்குத்தான் புள்ளி. எல்லோரும் மறந்துபோவார்கள் என்று பூட்டியாருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று நான் அவரைக் குறை சொல்ல முடியாது. ஏட்டில் எழுத்து இருக்கிறது, கவனம் என்று யாராவது சொல்வார்களா? அவருக்குப் புள்ளியும் அப்படித்தான்.

"கடைசி வரில அம்மா நடுவுல ஒரு எடத்துல நின்னாங்க, அது ஞாபகம் இருக்கு. அங்க ஒண்ணு இருக்கும். மத்தது எதுவும் எனக்குத் தெரியாது," என்றவர், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "தண்ணில போயிடுச்சா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

அவர் பதிலையும் தானே கையில் தந்துவிட்டார். ஓம் அன்ரி, தண்ணியில போயிட்டுது. அவ்வளவு சொன்னால் போதும். குழாய் வெடித்தது என் பிழை இல்லை. படம் இல்லை. நாலடி தள்ளித் தலைவி நிற்கிறார், ஆனால் நாங்கள் பேசுவது தமிழ், அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. அந்தக் கட்டடத்தில் என்னைப் பிடிக்க ஒருவரும் இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு வாடகை வீடு, இந்த வேலை போனால் திரும்பவும் சலவைக்கடை. இதெல்லாம் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்குச் சோறும் தயாராக இருந்தது. நான் நல்லவன் என்பதால் உண்மை சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அவர் கோட்டோடு நின்றார், சமோசாப் பெட்டியை இன்னும் கையில் பிடித்திருந்தார். எனக்கென்று விடியக் காலையில் எழும்பிச் சுட்டது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"இல்லை அன்ரி. தண்ணி இல்லை. நான்தான் துடைச்சனான். வெத்திலைக் கறை எண்டு நினைச்சன்."

"எல்லாத்தையுமா?"

"ஓம். அந்தப் பக்கத்தில இருந்த எல்லாத்தையும்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் இருந்து, தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலைவியிடம் போய் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். படம் எடுக்காததையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்து, போய்க் கையைக் கழுவினார். துடைத்தார். திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எதிர்ப்பக்கத்தைத் தொட்டாயா?

இல்லை, அது இன்றைக்குச் செய்ய இருந்தேன் என்றேன். சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. ஓவியத்தில் நான் கறை என்று கண்டவை, ஈரத்தில் ஒட்டிக்கிடந்த இந்தப் பக்கத்துப் புள்ளிகள் அங்கே பதிந்த பதிவு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அன்ரி போனபிறகு பஞ்சுக்குச்சியை எடுத்து அதையும் துடைத்திருப்பேன். மத்தியானத்துக்குள் இரண்டாம் முறையும், ஒரேயடியாக, அழித்து முடித்திருப்பேன்.

ஒளி ஊடுருவும் தாளை ஓவியத்தின் மேல் விரித்து, சிவப்புப் பொட்டு ஒவ்வொன்றையும் பென்சிலால் குறித்தேன். ஊரில் நில அளவைப் படம் வரைந்த கை அன்றைக்கு உதவியது. பிறகு தாளைப் புரட்டிப் பாட்டின் மேல் வைத்தேன். பொருந்தவில்லை. புள்ளிகள் சொற்களின் நடு வயிற்றில் குத்திக்கொண்டு நின்றன. அன்ரி ஒரு வரியை மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தலைவியின் முகமும் விழுந்துவிட்டது.

பிறகு அன்ரி எழுந்து வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் ஏடு போலச் சேர்த்து, ஒன்றை மேலே தூக்கிக் காட்டினார். "இப்படித்தானே தம்பி தொறக்கும்?" தாள்களைத் தனித்தனியாகக் காயவைத்ததில் அந்த ஏடு மேல்பக்கமாகத் திறப்பது என்பதை நாங்கள் இருவரும் மறந்து, நம் புத்தகம்போல் இடமிருந்து வலமாகப் புரட்டியிருந்தோம். தாளைக் கீழிருந்து மேலாகப் புரட்டினேன். ஒவ்வொரு புள்ளியும் போய்ச் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அமர்ந்தது. அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார்.

முதல் வரியில் இரண்டு புள்ளிகள் மட்டும் கிடைக்கவில்லை. அவை விழுந்த இடம் ஓவியத்தின் அடியில் இருந்த சிவப்புக் கம்பளம், சிவப்பில் சிவப்பு தெரியவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கும் நுரையீரல் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார் அன்ரி. அந்த ஒரு நாளில் முதல் தடவையாக மூன்று பேரும் சிரித்தோம். சமோசாவும் அப்போதுதான் திறக்கப்பட்டது.

அவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டை மிக மெதுவாக, குரலே வராத குரலில், புள்ளி புள்ளியாகப் பாடிப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்து நின்றார். விரலை வரியின் நடுவில் வைத்தார்.

"இங்க புள்ளி இல்லையே?"

நான் பார்த்தேன். இல்லை. வரியின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. நடுவில் எதுவும் இல்லை.

"அம்மா இங்க தான் நின்னாங்க. நல்லா ஞாபகம் இருக்கு. நின்னுட்டுத்தான் மறுபடி எடுத்தாங்க. இங்க ஒண்ணு இருந்திருக்கணும். நீங்க தொடச்சிட்டீங்களா?"

கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. அறிய வேண்டும் என்று கேட்டார். அதற்கு எதிரே விழும் இடம் ஓவியத்தின் மேல் ஓரம், வண்ணமே பூசாத வெறும் தாள். அங்கே ஊசிமுனை அளவு சிவப்பு இருந்தாலும் தெரியும். தலைவியைக் கூப்பிட்டுக் காரணம் சொல்லாமல் பார்க்கச் சொன்னேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கியால் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். பிறகு நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றைத்தான் கண்டோம்.

"இல்லை அன்ரி. அதிலை புள்ளி இருக்கேல்லை. நான் துடைக்கேல்லை. ஒருக்காலும் இருக்கேல்லை."

"நெஜமா?"

"நிச்சயமா."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தொடச்சத தொடச்சேன்னு சொன்னவரு நீங்க. நீங்க இல்லேன்னா இல்லதான்." பிறகு விரலை அந்த இடத்திலிருந்து எடுக்காமலே சொன்னார்: "அப்ப அம்மா அழுதிருக்காங்க தம்பி."

இருபத்தேழு வருசம். தாய் அழவில்லை என்று ஒரு மனிசி இருபத்தேழு வருசம் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். பாட்டில் எழுதிவைத்த இடத்தில் மூச்சு எடுத்தார் என்று நினைத்திருக்கிறார். பாட்டில் அப்படி ஒரு இடமே இல்லை. தலைவிக்கு நாங்கள் பேசிய ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அவர் போய்த் தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அன்ரியின் பக்கத்தில் இருந்தார். நான் யன்னலைப் பார்த்து நின்றேன், எனக்கும் கண் நிறைந்துவிட்டது என்று சொல்வதில் என்ன வெட்கம்?

நீங்கள் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எடுத்துக்கொண்டது இது. காலையில் பொய் சொல்லியிருந்தால், மத்தியானம் நான் சொன்ன "இல்லை"க்கு ஒரு சதப் பெறுமதியும் இருந்திராது. எனக்கே அது உண்மையா என்று தெரியாமல் போயிருக்கும். நம் தொழிலில் பசைக்கும் கத்திக்கும் மேலாக நம்மிடம் இருக்கும் ஒரே கருவி, நாம் சொல்வதை மற்றவர் நம்புவது. அதில் கறை பட்டால் எடுக்கிற மருந்தை நான் இன்னும் காணவில்லை.

வேலை போகுமா என்று பின்னேரம் தலைவியிடம் கேட்டேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே, நாளைக்கு வரும்போது நாலு படச்சுருள் வாங்கிக்கொண்டு வா என்றார். பிறகு பழுதுபார்த்த அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார். "இழப்பு" என்ற தலைப்பின் கீழ், மூச்சுப் புள்ளிகளைக் கறை என்று பிழையாகக் கருதி நீக்கியவர் என்று என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தினார், வேறு எதையும் மாற்றவில்லை.

புள்ளிகளை நீங்களே திரும்ப வைத்துத் தாருங்கள் என்று அன்ரி கேட்டிருந்தார். நாங்கள் மாட்டோம் என்றோம். பழுதுபார்ப்பவன் ஏட்டில் எழுதக் கூடாது. ஆனால் அது அந்த வீட்டுப் பெண்களின் ஏடு, அவர்களில் ஒருத்தி எழுதலாம். கலியாணம் முடியட்டும், பாடிப் பார்த்துவிட்டு வைக்கிறேன் என்றார்.

கலியாணத்துக்கு என்னையும் மனைவியையும் கூப்பிட்டார். தலைவியும் வந்தார், பிரியாணியில் இருந்த முட்டையைக் கண்டு மிகவும் சந்தோசப்பட்டார். நடந்த கதையை மனைவிக்கு முதலே சொல்லியிருந்தேன். "உங்கட வீட்டில ஆர் வெத்திலை போட்டு வளந்தவை, நீங்கள் கண்டுபிடிக்க?" என்று அவள் அன்று தொடங்கியவள், இன்னும் நிறுத்தவில்லை.

மகள் புறப்படும் நேரம் மண்டபம் அடங்கியது. நசீமா அன்ரி எழுந்து நின்று பாடினார். பெரிய குரல் இல்லை. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் ஒவ்வொரு மூச்சும் விளங்கியது. எந்த இடத்தில் நிற்பார் என்று அந்த மண்டபத்தில் அவருக்குப் பிறகு எனக்குத்தான் தெரியும். கடைசி வரியில் தொடக்கப் புள்ளியைத் தாண்டினார். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டார். தாய் நின்ற அதே சொல்லா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நடுவில்தான். மகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்ரி ஒரு கையால் மகளின் கன்னத்தைத் தொட்டு, திரும்ப எடுத்து, முடித்தார்.

ஒரு வாரம் கழித்து, நாங்கள் செய்துவைத்திருந்த பாதுகாப்புப் பெட்டியில் இட ஏட்டைக் கொண்டுவந்தார். புள்ளிகளைத் தன் கையாலேயே சிவப்பில் வைத்திருந்தார். முதல் வரியில் காணாமல் போன இரண்டுக்கும் தன் சொந்த மூச்சை வைத்திருந்தார். கடைசி வரியின் நடுவில் எதுவும் வைக்கவில்லை. நீங்களும் அதில் நின்றீர்களே அன்ரி என்று கேட்டேன்.

"அது பாட்டோட மூச்சு இல்ல தம்பி," என்றார். "எம் பொண்ணு கேட்டுச்சுல்ல, போதும்."

இப்போது அந்த ஏடு கல்கரியில், மகளிடம் இருக்கிறது. அவளுக்கும் ஒரு மகள். என்றாவது ஒரு நாள் உங்கள் யாருடைய மேசைக்காவது அது வரும். சிவப்புப் புள்ளிகளைக் கண்டால் என் அறிக்கையை எடுத்துப் படியுங்கள், சிரியுங்கள். கடைசி வரியின் நடுவில் வெறுமையாக ஓர் இடம் இருக்கும். அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று யாராவது உங்களிடம் கேட்டால், இல்லை, அது சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.